தாத்தாவின் ரிவால்வர்: லைசென்ஸா, கண்ணாடிப் பெட்டியா, அருங்காட்சியகமா?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், குன்னூர் வீட்டின் இரும்பு அலமாரியைத் திறந்தோம். பாச்சை உருண்டை வாசனை. மேல் தட்டில் பச்சைக் கம்பளித் துணி சுற்றிய ஒரு தோல் உறை, அதற்குள் தாத்தாவின் ரிவால்வர். பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்ட இரண்டு லைசென்ஸ் புத்தகங்கள். ஒன்று தாத்தா பெயரில், இன்னொன்று அப்பா பெயரில்.

தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஐம்பதுகளில் கப்பலேறிய துரை அதை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது வீட்டில் சொல்லும் கதை. அன்று அந்த அலமாரி முன்னால் நின்ற மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசினோம். ஹாலில் கணப்புக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார் அண்ணன். "பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் இது ஒரு நாள்கூட இருக்கக் கூடாது" என்றார் அக்கா. எனக்கு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்.

அதற்குப் பிறகு கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று பல இடங்களிலிருந்து இதே கேள்வியோடு ஆட்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். மலையில் இது ஆச்சரியமில்லை. வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் 1903-லிருந்து கார்டைட் என்ற வெடிமருந்துத் தொழிற்சாலை, சுற்றிலும் தோட்டத் துரைமார்களின் பங்களாக்கள். வேட்டைக்காரர்கள் 1877-லேயே சங்கம் வைத்து, 1879-ல் அவர்களுக்கென்றே தனி வேட்டைச் சட்டம் வந்த மாவட்டம் நீலகிரி. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் சில இன்னும் பரண்களில்தான் இருக்கின்றன.

## முடிவுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

எந்த வழி நல்லது என்பதை இந்தக் கேள்விகளின் பதில்தான் தீர்மானிக்கும்.

இன்று அது யார் பெயரில் இருக்கிறது? லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்ததும் அந்த லைசென்ஸும் முடிந்துவிடுகிறது. வாரிசு என்பதால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை தானாக வந்துவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்ததால் அது கைவிட்டுப் போய்விடாது. உங்கள் பெயரில் லைசென்ஸ் வந்ததும் திரும்ப வாங்கலாம், அல்லது விற்கலாம்.

அது சுடுமா? "துருப்பிடித்துக் கிடக்கிறது, எங்கே சுடப்போகிறது" என்று நாமே சொல்லிக்கொள்வது செல்லாது. பழுது பார்த்தால் சுடுமா என்றுதான் சட்டம் கேட்கிறது.

என்ன போர் (bore, அதாவது குழலின் உள்விட்டம்)? .455, .380 தோட்டாக்கள் நுழையும் ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட வகை. இரண்டு உலக யுத்தங்களில் ஆங்கிலேய அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லி, என்ஃபீல்டு எல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கும். இவற்றுக்குக் கலெக்டரால் லைசென்ஸ் தர முடியாது, டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். தண்டனையும் வேறு. சாதாரணத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு, தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? குழந்தைகள் மட்டுமில்லை. மலையில் பாதி வீடுகள் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது ஹோம்ஸ்டேயாக ஓடுகின்றன. வாரம் ஒரு புது முகம் தூங்கி எழும் வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்கு வேண்டியது இரும்பா, தாத்தாவின் நினைவா? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கவே இரண்டு மாதமாயிற்று. அதைக் கேட்ட பிறகுதான் வழி தெரிந்தது.

## முதலில், அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதற்குத் துப்பாக்கியைக் கழற்றவோ விசையை இழுத்துப் பார்க்கவோ வேண்டியதில்லை. குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது, விரல் விசையில் படக் கூடாது. தோட்டா நிரம்பியிருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். காகிதத் தோட்டா காலத்துக் கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும். திறக்கத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், காவல்துறையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் திறந்து பார்ப்பார்.

தோட்டா போடும் விதத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தோட்டா அறைகள் கொண்ட சுழலும் சிலிண்டரின் பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறு முலை போல் நீட்டிக்கொண்டிருந்தால் அது தொப்பி வைத்து வெடிக்கும் காலத்தது. 1851-ல் வந்த ஆடம்ஸ், அதே ஆண்டின் கோல்ட் நேவி போன்றவை இந்த ரகம். துப்பாக்கியின் சட்டம் (உடற்கூடு, frame) ஒரே துண்டாக இருந்து, வலது பக்கம் ஒரு சின்னக் கதவு திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடுவது என்றால் அடுத்த தலைமுறை. 1868-ல் வந்த வெப்லி ஆர்.ஐ.சி., 1872-ல் வந்த புல்டாக் எல்லாம் அப்படித்தான். குழல் கீல் போட்டது போல முன்னால் மடங்கித் திறந்தால், 1887-லிருந்து ஆங்கிலேய ராணுவம் வைத்திருந்த வெப்லி வரிசையாக இருக்கலாம். அதன் ஆறாம் மாடல் 1915-ல் வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சுழன்றால் 1889-க்குப் பிந்தியது, பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு அல்லது அதன் நகல்.

அப்புறம் முத்திரைகள். காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரத்தில், அல்லது டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாற்போல் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழும்பி வரும். கிரீடத்தின் கீழே ஆங்கில எழுத்துகள் இருந்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை. மேல்நோக்கிய அம்புக்குறி ஆங்கிலேய அரசின் உடைமை என்பதைக் காட்டும். அம்பின் கீழே 'ஐ' இருந்தால் இந்திய ராணுவத்துக்கு வந்தது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் அரசுச் சேவையிலிருந்து விற்றுத் தள்ளியது.

சட்டத்தின் மேல்பட்டையில் 'மான்டன், கல்கத்தா' என்பது போல ஒரு பெயர் இருந்தால் அவர்தான் செய்தவர் என்று முடிவு கட்ட வேண்டாம். கடைக்காரர் பெயரைப் பொறிப்பது அந்தக் கால வழக்கம். செய்த இடத்தைச் சோதனை முத்திரைதான் சொல்லும். எழுத்துப் பிழையோடு, அல்லது திரும்பிய எழுத்தோடு 'என்ஃபீல்டு' என்று பொறித்திருந்தால் அது கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறை நகலாக இருக்கலாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். "துரை கொடுத்த வெப்லி" என்றுதான் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தோம். உள்ளங்கைக்கு அடங்கும் அளவு, ஐந்து அறை, கைப்பிடியில் கட்டம் கட்டமாகச் செதுக்கிய வால்நட் மரம். மேல்பட்டையில் 'பிரிட்டிஷ் புல் டாக்' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஆனால் சிலிண்டரில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கிடைத்தது, பாதி தேய்ந்த ஒரு முட்டை வடிவம். உள்ளே 'எல்', 'ஜி' என்ற இரண்டு எழுத்து, மேலே ஒரு கிரீடம். முட்டைக்குள் இ-எல்-ஜி என்பது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. கிரீடம் அதன் மேல் ஏறியது 1893-ல். அப்படியானால் எங்கள் வெப்லி வெப்லியே இல்லை, 1893-க்குப் பிறகு பெல்ஜியத்தில் செய்த நகல். அந்தக் காலத்தில் லியேஜிலிருந்து இப்படிப்பட்ட புல்டாக்குகள் உலகம் முழுக்கப் போயின. அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ அதன் மேல் பிரியம் கூடியது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாழ்ந்த தோட்ட எழுத்தரின் கைக்கு வரக்கூடிய துப்பாக்கி அதுதானே.

முத்திரை ஏன் பாதி தேய்ந்திருந்தது? பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, பெரியப்பா மகன் பளபளப்பாக்குகிறேன் என்று எமரித் தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். முட்டையின் ஒரு பக்கம் போயிற்று, சட்டத்தில் இருந்த எண்ணில் கடைசி இலக்கம் 6-ஆ 0-வா என்று தெரியாமல் போயிற்று. லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அந்த ஒரு இலக்கத்துக்காக எங்கள் மனு நான்கு மாதம் நின்றது. கடைசியில் கைப்பிடிக்கு அடியில் அதே எண்ணை இன்னொரு தடவை குத்தியிருந்ததை ஆர்மரர் கண்டுபிடித்தார். ஆகவே துருவோ அழுக்கோ, எதையும் தொடாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பது, பிராஸோ, எமரி எல்லாமே முத்திரையைத் தின்றுவிடும்.

போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற செய்தி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

## இருக்கிற வழிகள், ஒரே பார்வையில்

| வழி | வீட்டில் வைக்கலாமா | பார்வைக்கு வைக்கலாமா | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வாரிசு லைசென்ஸ் | ஆம், பூட்டி | இல்லை | புதுப்பித்தல், தேர்தல் ஒப்படைப்பு, நேரம் | ஊரிலேயே இருக்கும், பொறுப்பெடுக்கும் ஒருவர் |
| செயலிழந்த பழம்பொருள் | ஆம், எழுத்துச் சான்றோடு | ஆம் | சோதனைக்குக் காத்திருத்தல் | எந்தப் பழுது பார்ப்புக்கும் அடங்காத துப்பாக்கி |
| வியாபாரி வழி விற்பனை | இல்லை | இல்லை | வைப்புக் கட்டணம், வாங்குவோர் குறைவு | வாரிசு எவரும் முன்வராத வீடு |
| அருங்காட்சியகம் | இல்லை | அவர்கள் விருப்பம் | கிடங்கிலேயே இருந்துவிடலாம் | வரலாறும் காகிதமும் சேர்ந்த துப்பாக்கி |
| காவல்துறையிடம் நிரந்தரமாகச் சரண் | இல்லை | இல்லை | திரும்ப வராது | லைசென்ஸே இல்லாமல் பரணில் கிடைத்தது |

## வாரிசு லைசென்ஸ்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் தர வழி இருக்கிறது. இறந்த பிறகு மட்டுமில்லை, லைசென்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. அப்பா இருந்தபோதே செய்திருந்தால் எங்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லோரிடமிருந்தும் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். நீலகிரிக்கு ஊட்டி கலெக்டர் அலுவலகம், கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் போக வேண்டும். ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, குடும்பச் சொத்து என்றாலும் இந்தக் கணக்குதான். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத செலவுகள் சில. தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிவு வந்த பிறகு திரும்ப எடுத்து வர வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மசினகுடி வழியாகவோ மைசூருக்கோ போவதென்றால் முதுமலை குறுக்கே வரும். சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், லைசென்ஸ் கையில் இருந்தாலும்.

அதைவிட முக்கியமானது இது: சுடும் துப்பாக்கியை லைசென்ஸோடு வைத்திருப்பவர் அதைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கணப்புக்கு மேல் மாட்டுவது அந்த உறுதிமொழிக்கே விரோதம். லைசென்ஸ் வாங்கினால் பார்வைக்கு வைக்கலாம் என்று அண்ணன் நினைத்தது போலத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் லைசென்ஸ் வாங்குவது என்றால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதுதான்.

## செயலிழந்த பழம்பொருளாக வைத்திருப்பது

ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த வகை, பழம்பொருள் மதிப்புள்ளது, அல்லது பழுதடைந்தது என்ற ஆயுதங்களுக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும்.

1898 வரை செய்ததற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். அது அமெரிக்கச் சட்டம். இங்கே வயதை மட்டும் வைத்து எந்த விலக்கும் இல்லை. 1851-ன் ஆடம்ஸ் கூடச் சுடும் நிலையில் இருந்தால் லைசென்ஸ் வேண்டும்.

நிபந்தனை பூர்த்தியாகிறது என்று யார் சொல்வது? நீங்களும் நானும் சொல்ல முடியாது. காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாக மனுக் கொடுத்து, ஆர்மரரோ தடய அறிவியல் துறையோ பார்த்துத் தரும் அறிக்கையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதத்தின் நகலைக் கண்ணாடிப் பெட்டியின் பின்புறம் ஒட்டி வையுங்கள். நாளைக்கு வீட்டுக்கு வரும் எந்த அதிகாரிக்கும், உங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கும் அதுதான் பதில்.

"நானே ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் குழலை அடைத்துவிட்டால் போச்சு" என்று கொடைக்கானலிலிருந்து ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். துப்பாக்கியை மாற்றுவதும் பழுது பார்ப்பதும் லைசென்ஸ் உள்ளவர் மட்டும் செய்யக்கூடிய வேலை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதே குற்றம், பட்டறைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள். மேலும் நூறு வருடத்து உலோகத்தில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் பிறகு அதை எந்த அருங்காட்சியகமும் தொடாது.

எங்கள் புல்டாக்கை ஆர்மரர் பார்த்தார். ஒரு வில்கம்பி உடைந்திருக்கிறது, மாற்றினால் வேலை செய்யும் என்று எழுதிவிட்டார். கணப்புக்கு மேல் மாட்டும் யோசனை அந்த ஒரு வரியில் முடிந்தது.

ஆற்றுச் சேற்றில் புதைந்து கிடந்து சிலிண்டரும் சட்டமும் ஒரே கட்டியாகிப் போன ரிவால்வர், குழல் வெடித்துப் பிளந்தது, பாதிக்கு மேல் பாகங்கள் இல்லாதது: இவை உள்ளவர்களுக்கு இதுவே சிறந்த வழி. மற்றவர்கள் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

## விற்பது, கொடுப்பது, சரணடைவது

வியாபாரி. லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் வைத்துவிட்டு விற்கச் சொல்லலாம். வாங்குபவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதுவும் அந்த போருக்கு. தடை செய்யப்பட்ட போர் என்றால் வாங்க ஆளே கிடைப்பது அரிது. லண்டன் ஏலத்தில் இதுபோன்றது என்ன விலை போயிற்று என்று பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை எடுத்துக்கொண்டு போவான் என்ற யோசனையும் இதோடு முடிந்தது. கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் வைப்புக் கட்டணம் ஏறும். எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

அருங்காட்சியகம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஊட்டியிலும் அரசு அருங்காட்சியகம் உண்டு. தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர் என்றால் வெலிங்டன் ரெஜிமென்ட் மையத்துக்கு எழுதிக் கேட்பது மிகப் பொருத்தம். ஆனால் அங்கே துப்பாக்கியைவிட அதன் கதைக்குத்தான் மதிப்பு. யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்தப் படைப்பிரிவு என்பதற்குக் காகிதம், போட்டோ, கடிதம் இருந்தால் ஆர்வம் காட்டுவார்கள். வெறும் துப்பாக்கி என்றால் கிடங்கில் ஒரு எண்ணோடு இருக்கும். "எப்போதும் பார்வைக்கு வைக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுப்பதை எந்த அருங்காட்சியகமும் எளிதில் ஏற்காது. நான் ஆசைப்பட்ட வழி இதுதான். நாங்கள் எழுதிக் கேட்ட இடத்தில் இதே ரகம் ஏற்கெனவே இருப்பதாகப் பதில் வந்தது. லைசென்ஸ் புத்தகங்களின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

சரண். யார் பெயரிலும் லைசென்ஸ் இருந்ததற்கான சுவடே இல்லாமல், வாங்கிய பழைய பங்களாவின் பரணிலோ சுவருக்குள்ளோ கிடைத்தது என்றால் வேறு யோசனை வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலோ மலை ரயிலிலோ கிளம்பிவிடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். கிடைத்த தேதி, இடம், உடனிருந்தவர் பெயரோடு கடிதம் எழுதி, ஒப்புகை ரசீது வாங்குங்கள். தோட்டாக்கள் கூட இருந்தால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். பச்சை பூத்த பழைய தோட்டாவைக் குப்பையில் போடுவதோ, கணப்பில் போடுவதோ, பள்ளத்தில் வீசுவதோ கூடாது. வீசிய இடத்தில் நாளைக்கு ஒரு பிள்ளை அதை எடுக்கும்.

இவை எதுவும் செய்யாமல் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுச் சும்மா இருப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. அது ஒரு வழியே இல்லை. வீட்டை விற்கும்போது, திருட்டுப் போகும்போது, அல்லது பேரப்பிள்ளை கண்டுபிடிக்கும்போது அந்தப் பெட்டி திறந்துவிடும். அன்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகக்கூட இருக்க மாட்டீர்கள்.

## பார்வைக்கு வைப்பதென்றால்

செயலிழந்தது என்ற சான்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் இரும்பைக் காப்பாற்றுவது சமவெளி போல இல்லை. ஜூலையில் ஊட்டியின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி மழையில் அதே கதை. இரும்பு பத்திரமாக இருக்க 50 சதவீதத்துக்குக் கீழே வேண்டும்.

எல்லோரும் ஆசைப்படும் கணப்பு மேடைதான் வீட்டிலேயே மோசமான இடம். மாலையில் சூடேறும், விடியலில் குளிரும், அந்த ஏற்ற இறக்கத்தில் உலோகத்தின் மேல் ஈரம் வியர்க்கும். புகைக்கரியும் சேர்ந்தால் இரண்டு மழைக்காலம் போதும். வெளிச்சுவரும் வேண்டாம். வீட்டின் உள்சுவர், வெயில் நேரே விழாத இடம் நல்லது.

பெட்டி இறுக்கமாக மூட வேண்டும், பூட்டு வேண்டும். புது பிளைவுட்டும் அதன் பசையும் பல மாதம் அமில ஆவி விடும், அதனால் நன்றாகக் காய்ந்த பழைய தேக்கு அல்லது உலோகச் சட்டம் போட்ட கண்ணாடி சிறந்தது. அடியில் சிலிக்கா ஜெல் பைகள், பக்கத்தில் ஒரு சின்ன ஈரப்பதமானி. நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கிக் காய வைத்துத் திரும்ப வைக்கலாம்.

தோல் உறைக்குள் துப்பாக்கியை வைக்காதீர்கள். தோலைப் பதனிட்ட ரசாயனமும் அது குடிக்கும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். எங்கள் ரிவால்வரின் இடது பக்கம் முழுக்க இருந்த குழிகள் அப்படி வந்தவைதான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசுவது இங்கே பழக்கம். ஊட்டிக் குளிரில் பாட்டிலில் அது எப்படிக் கட்டியாக நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள், துப்பாக்கியின் இடுக்கிலும் அப்படியேதான் உறைந்து தூசியைப் பிடித்து வைக்கும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு ஒரு பூச்சு போடுங்கள். அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வெறும் கையால் தொட்டால் விரல் ரேகை துருவாகவே பதியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

## எங்கள் வீட்டில் நடந்தது

அக்கா குடியிருக்கும் வீட்டில் அது இருக்கக் கூடாது என்பது முதல் நாளே முடிவானது. அண்ணன் பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், வேலை மாற்றம் வந்துகொண்டே இருக்கும். அதனால் லைசென்ஸை என் பெயரில் வாங்கினேன். வெலிங்டன் பக்கம் நான் இருக்கும் வீட்டில் இரும்பு அலமாரிக்குள் பூட்டியிருக்கிறது. தோட்டா வாங்கவில்லை, வாங்கப்போவதுமில்லை. எனக்குப் பின் என் மகள் ஏற்க மாட்டாள், அதை அவளே சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் இன்னும் சில அருங்காட்சியகங்களுக்கு எழுதிக் கேட்பேன்.

கண்ணாடிப் பெட்டியும் செய்தோம். அது குன்னூர் வீட்டு ஹாலின் உள்சுவரில் இருக்கிறது. அதில் வெறும் தோல் உறை. ரிவால்வர் இல்லாமலே சிலிண்டர் இருந்த இடம் இன்னும் புடைத்து நிற்கிறது. அதன் பக்கத்தில் தோட்ட ஆபீஸ் வாசலில் தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் போட்டோ, லியேஜ் முத்திரையைப் பெரிதாக்கி எடுத்த படம், விரித்து வைத்த இரண்டு லைசென்ஸ் புத்தகங்கள். தாத்தாவின் புத்தகத்தில் புதுப்பித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஊதா முத்திரை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. அப்பாவின் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. அந்த வருஷம் அவரைக் கலெக்டர் ஆபீஸ் படியில் கைபிடித்து ஏற்றியது அக்காதான்.